பள்ளிப் பிள்ளைக்கு ஆய்வகத்தில் என்ன வேலை?

1955ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நியூயார்க் பக்கத்துப் பள்ளி மாணவர் ஒருவர், அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், மேய்ன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போனார். சுண்டெலிகளை வளர்த்து மரபியலையும் புற்றுநோயையும் ஆராயும் இடம் அது. அவரைவிட மூன்று வயது மூத்த இன்னொருவர் அங்கே இளையவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவரும் பள்ளி நாட்களிலேயே அதே கோடைத் திட்டத்துக்கு வந்து பழகியவர்தான். இளையவர் டேவிட் பால்டிமோர். மூத்தவர் ஹோவர்ட் டெமின். பதினைந்து ஆண்டு கழித்து, 1970-ல், இருவரும் வேறு வேறு ஆய்வகங்களில் தனித்தனியாக ஒரே நொதியைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உண்டாகும் என்பதுதான் அதுவரை பாடம். அதைத் திருப்பி, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவை எழுதும் நொதி இது. பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1975-ல் ரெனாட்டோ டல்பெக்கோவுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை இந்த நொதி இல்லாமல் நடக்காது. அந்தக் கோடையில் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று நேரில் கண்டதால்தான் கல்லூரியில் உயிரியல் எடுத்தேன் என்று பால்டிமோரே பின்னாளில் எழுதினார்.

கோடை முகாமுக்கு அனுப்பினால் பிள்ளை விஞ்ஞானி ஆகிவிடும் என்ற முடிவுக்கு இதை வைத்து வந்துவிடக் கூடாது. அந்த ஆய்வகத்துக்கு வந்துபோன பெரும்பாலானோர் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் அறிவியலோடு தொடர்பே இல்லாத வேலைகளிலும் இருந்திருப்பார்கள். ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை உண்மையான ஆராய்ச்சிக்குள் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, யார் செலவில் நடக்கிறது என்ற மூன்று கேள்விகளை நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். எழுபது ஆண்டு அனுபவம் கண்முன் இருக்கிறது. நம் வீடுகளில் பிளஸ் ஒன் முடித்த பிள்ளையின் மே மாதம் முழுவதும் நீட், ஜேஇஇ கோச்சிங்குக்குப் போய்விடுகிற காலத்தில் இந்தக் கேள்விகள் நமக்கும் உரியவை.

ஸ்புட்னிக்குக்குப் பிறகு

ஜாக்சன் ஆய்வகத்தின் கோடைத் திட்டம் பழையது. ஆனால் இந்த முறை பரவலானதற்குக் காரணம் போர்ப் பயம். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. நம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்கள் என்ற கவலை அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, கோடையில் பள்ளி மாணவர்களை வளாகத்துக்குள் அழைத்துவரச் சொன்னது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1959-ல் இப்படித் தொடங்கிய திட்டம் இன்றும் நடக்கிறது. அதே 1959-ல் கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில், தாச்சர் பள்ளியில், கோடை அறிவியல் திட்டம் என்ற பெயரிலேயே ஒன்று தொடங்கியது. அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

கணிதத்தில் ஆர்னால்டு ராஸ் இதற்கும் சற்று முன்னதாகவே வழி திறந்திருந்தார். 1957-ல் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1964-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன அவருடைய திட்டத்தில் ஆய்வகமோ கருவியோ கிடையாது. எண் கோட்பாட்டில் தினமும் ஒரு கட்டு கணக்கு. சூத்திரம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மாணவர் எண்களை எழுதிப் பார்த்து, ஒழுங்கைத் தாமே கண்டு, ஊகித்து, நிறுவ வேண்டும். எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பதுதான் ராஸ் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரே விதி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் தொடங்கிய புராமிஸ் திட்டம் இதன் வழித்தோன்றல். அது இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் வரை வந்துவிட்டது.

எதிர்முகாமும் சும்மா இருக்கவில்லை. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே அறிவியலாளர்களுக்கென்றே கட்டப்பட்ட அகாதெம்கொரோதோக் நகரில், 1962-ல் மிக்கயீல் லாவ்ரென்தியெவும் அவருடைய சகாக்களும் சைபீரியா முழுமைக்கும் ஒலிம்பியாட் நடத்தினார்கள். தேறியவர்களைக் கோடைப் பள்ளிக்கு அழைத்தார்கள். மறு ஆண்டு அதே இடத்தில் இயற்பியல்–கணித உறைவிடப் பள்ளி வந்தது. மாஸ்கோவிலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவரான கோல்மகோரவ் 1963 கோடையில் பள்ளி மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் நடத்தினார். அந்த ஆண்டு இறுதிக்குள் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பள்ளி திறக்கப்பட்டது. செர்பியாவின் பெட்னிட்சா அறிவியல் மையத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982-ல் தொடங்கிய அது, பள்ளி நேரத்துக்கு வெளியே மாணவர்களை ஆராய்ச்சி செய்ய வைப்பதற்கென்றே உள்ள நிறுவனம். அப்போதைய யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்ட காலத்தையும் தாண்டி நிற்கிறது.

இரண்டு முகாமிலும் ஒன்று பொது. நாட்டுக்குத் தேவை, நாடு செலவழித்தது. நோக்கத்தில் ஆயுதப் போட்டி கலந்திருந்தது உண்மைதான். ஆனாலும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அது வழிவிட்டது.

அந்த அவசரம் தணிந்ததும் பணமும் தணிந்தது. 1980களின் தொடக்கத்தில் ரீகன் அரசு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கல்விப் பிரிவைக் கிட்டத்தட்ட மூடியது. அந்த இடைவெளியில்தான் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் தந்தை எனப்படும் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் வந்தார். அமெரிக்கப் பள்ளிக் கல்வி ஆழமற்றது என்று பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்தவர் அவர். ஜோன் டிஜெனாரோவுடன் சேர்ந்து 1983-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1984-ல் ஆராய்ச்சி அறிவியல் நிலையம் பிறந்தது. ஆர்எஸ்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, இப்போது எம்ஐடி வளாகத்தில் ஒவ்வொரு கோடையும் ஆறு வாரம் நடக்கிறது. கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டெரன்ஸ் டாவ் பதினாலு வயதில் ஆர்எஸ்ஐக்குப் போனவர்.

ஒரு சிறுகோளின் பாதை

இந்தத் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓஹாயில் தொடங்கியதுதான். பள்ளி மாணவருக்கு ஏற்ற ஆராய்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஏபெல் என்ற பெயரில் விண்மீன் திரள் கொத்துகளின் பட்டியலைத் தந்த வானியலாளர் ஜார்ஜ் ஏபெல் பல ஆண்டு இதில் பாடம் நடத்தியிருக்கிறார்.

மாணவர்கள் ஐந்து வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் தங்குகிறார்கள். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சிறுகோள். பூமியின் பாதைக்கு அருகே வந்துபோகிற, சரியாக அளக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை இதுதான்: இது சூரியனை எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று சொல். பார்க்கக் கிடைப்பது, நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகரும் ஒளிப்புள்ளி மட்டும். தூரம் தெரியாது, வேகம் தெரியாது. இரவில் தொலைநோக்கியைத் திருப்பிப் படமெடுக்கிறார்கள். அரை மணி கழித்து எடுத்த இன்னொரு படத்தோடு வைத்துப் பார்த்து எந்தப் புள்ளி இடம் மாறியது என்று தேடுகிறார்கள். அது தேறியதும், அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் அறியப்பட்ட இடங்களை வைத்து அந்தப் புள்ளியின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். மேகம் மூடினால் அந்த இரவு போச்சு.

சில வாரங்களில் இப்படி மூன்று நல்ல இரவாவது வாய்த்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். 1801 ஜனவரி முதல் தேதி வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ் என்ற சிறுகோள் சில வாரத்தில் சூரிய ஒளிக்குள் மறைந்து தொலைந்துபோனது. இருபத்து நாலு வயதுக் கணித மேதை காஸ், கிடைத்த சில அளவுகளை வைத்து அது மறுபடி எங்கே தென்படும் என்று கணக்கிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் வானியலாளர்கள் சீரிஸைத் திரும்பப் பிடித்தார்கள். அந்த முறைதான் மாணவர் கையில் கொடுக்கப்படுகிறது. தொடக்க காலத்தில் கண்ணாடித் தகட்டில் படமெடுத்து, கைச்சுழற்றிக் கணக்குப் பொறியில் எண்களைப் போட்டு அரைத்தார்கள். இன்று பைத்தானில் நிரலை மாணவரே எழுதுகிறார். ஆயத்த மென்பொருளில் எண்ணைக் கொடுத்து விடையை வாங்கிக்கொள்ள விடுவதில்லை. ஒரு ஊகத்தில் தொடங்கி, ஒளி நம்மை வந்தடைய எடுக்கும் நேரத்தையும் கழித்து, திருத்தித் திருத்தி, எண்கள் அசையாமல் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். கடைசியில் ஆறு எண்கள் கிடைக்கும். நீள்வட்டத்தின் அளவு, நசுங்கல், சாய்வு, திசை எல்லாம் அவற்றில் அடங்கிவிடும்.

மாணவர்களின் அளவீடுகள் மாசசூசெட்ஸில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. உலக வானியலாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பில் அவை சேர்கின்றன. இந்தக் கட்டமைப்பில் கவனிக்க வேண்டியவை இவை: கேள்வி சின்னது, விடை ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டது அல்ல, தேவையான கணிதம் பதினாறு வயதுக்கு எட்டக்கூடியது, முடிவில் வருவது யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டியது. இந்த நான்கும் ஒன்றாகச் சேருவது அபூர்வம். வழக்கமான பள்ளிச் செய்முறையில் விடை ரெக்கார்டு நோட்டில் முன்னமே இருக்கும்.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்திலிருந்தும் இதே வேலை நடந்திருக்கிறது. 1988-ல் ராஜமோகனும் அவர் குழுவினரும் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு 4130 என்ற எண்ணும் ராமானுஜன் என்ற பெயரும் இருக்கின்றன. அந்த மலையடிவாரப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது சொல்லித் தரப்படுகிறது என்ற நினைப்பு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

ஆறு வாரத்தில் என்ன முடியும்?

சிறுகோள் திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வகைக் கேள்வி. ஆர்எஸ்ஐ போன்றவற்றின் வழி வேறு. முதல் வாரம் பேராசிரியர்களின் பாடம். பிறகு ஒவ்வொருவரும் பாஸ்டன் பகுதி ஆய்வகம் ஒன்றில் வழிகாட்டியோடு இணைக்கப்படுகிறார். கடைசியில் ஆய்வுக் கட்டுரை எழுதி, சபை முன் பேச வேண்டும். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் நடக்கும் திட்டமும், பன்னிரண்டு பேரை மட்டும் எடுத்து ஏழு வாரம் நடத்தும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிளார்க் திட்டமும் ஏறத்தாழ இதே வார்ப்பு.

ஆறேழு வாரத்தில் புதிய கண்டுபிடிப்பா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. உயிரியல் ஆய்வகத்தில் நுண்குழாயால் மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து எடுக்கக் கை பழகவே ஒரு வாரம் ஆகும். இரண்டாம் வாரம் ஓட்டிய ஜெல்லில் பட்டையே வராது. மூன்றாம் வாரம் வளர்த்த செல்களில் பூஞ்சை ஏறிவிடும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலாம் வாரம் ஒன்று சரியாக வரும்போது திரும்பிப் போகும் தேதி நெருங்கியிருக்கும். ஆகவே அனுபவமுள்ள வழிகாட்டிகள் பல ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கும் தம் ஆய்விலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டு மாணவருடையது, முழு ஆய்வு அவருடையது அல்ல. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் திட்டங்கள் நல்லவை. ஆறு வாரத்தில் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த மாணவர் என்று செய்தித்தாளில் படம் போடச் செய்பவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

அப்படியானால் மாணவர் பெறுவது என்ன? தோல்வியைக் கையாளும் பழக்கம் என்பேன். பள்ளியில் செய்முறை தவறினால் மதிப்பெண் போகும். ஆய்வகத்தில் தவறினால், ஏன் தவறியது என்பது அடுத்த கேள்வி ஆகிறது. பக்கத்து மேசையில் முனைவர் பட்ட மாணவர் மூன்று மாதமாக ஒன்றும் வராமல் போராடுவதைப் பிள்ளை பார்க்கிறது. புத்திசாலிகளுக்கு எல்லாம் உடனே புரிந்துவிடும் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. வகுப்பில் எப்போதும் முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு இந்த உடைவு மிகவும் அவசியம்.

பலன் உண்டா?

இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றும் தம் பழைய மாணவர் பட்டியலைக் காட்டிப் பெருமைப்படுகின்றன. பட்டியல் பொய் இல்லை. ஆனால் அது ஒன்றையும் நிறுவாது. கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, பின்னால் அவர்கள் நன்றாக வந்தார்கள் என்றால், முகாம் இல்லாமலும் அவர்கள் அப்படி வந்திருக்கலாமே.

இதற்குச் சரியான விடை காண ஒரே வழி, தகுதி பெற்ற விண்ணப்பதாரர்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, கிடைத்தவர் கிடைக்காதவர் இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. சாரா கோஹோட்ஸ், ஹெலன் ஹோ, சில்வியா ரோப்லஸ் ஆகிய மூவரும் அதைச் செய்தார்கள். 2022-ல் வெளிவந்த அவர்கள் ஆய்வு, ஒரு முன்னணித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வாய்ப்புக் குறைந்த சமூகங்களின் பள்ளி மாணவர்களுக்காக நடத்திய கோடைத் திட்டங்களைப் பற்றியது. ஒரு வாரத் திட்டம், ஆறு வாரத் திட்டம், ஆறு மாத இணையவழித் திட்டம் என்று மூன்று. இடம் கிடைத்தவர்கள் கல்லூரியில் சேர்வதும், இடையில் நிற்காமல் தொடர்வதும், பட்டம் பெறுவதும் கூடின. நான்கு ஆண்டில் அறிவியல், பொறியியல் துறையில் பட்டம் பெறுவோர் விகிதம், மிகத் தீவிரமான திட்டத்தில் 33 சதவீதம் உயர்ந்தது. வளாகத்தில் போய்த் தங்குவதும் நீண்ட நாள் மூழ்குவதும் வீணல்ல என்று இதிலிருந்து துணிந்து சொல்லலாம். அதோடு, இந்தப் பலன் கண்டறியப்பட்டது வாய்ப்புக் குறைந்த பிள்ளைகளிடம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முகாம் தரும் பலனும் அதே அளவாக இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு ஆய்வு இதைவிட என்னை யோசிக்க வைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் 1990 முதல் பள்ளி ஆசிரியர்களைக் கோடையில் ஆய்வகங்களுக்கு அழைக்கிறது. ஓர் ஆசிரியர் தொடர்ந்து இரண்டு கோடை, எட்டெட்டு வாரம் ஆராய்ச்சி செய்வார். பிறகு அவருடைய வகுப்புப் பிள்ளைகள் நியூயார்க் மாநில அறிவியல் தேர்வை எப்படி எழுதுகிறார்கள் என்று சாமுவேல் சில்வர்ஸ்டைனும் சகாக்களும் பார்த்தார்கள். திட்டத்துக்கு முன் அந்த ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் அதே பள்ளியின் மற்ற ஆசிரியர்களின் மாணவர்களுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. மூன்று, நான்கு ஆண்டு கழித்து, ஆய்வகம் போய்வந்த ஆசிரியரின் மாணவர் தேர்ச்சி 10.1 சதவீதம் அதிகம். 2009-ல் சயன்ஸ் இதழில் வெளிவந்த முடிவு இது. ஒரு மாணவரை அழைத்தால் ஒருவர் பயன் பெறுகிறார். ஓர் ஆசிரியரை அழைத்தால் அவர் ஓய்வு பெறும்வரை வருகிற வகுப்புகள் எல்லாம் பயன் பெறுகின்றன. ஆனால் பெற்றோருக்கு விளம்பரம் செய்ய முடியாதது என்பதால் இதற்குக் கூட்டம் கூடுவதில்லை.

யார் பணம்?

இன்றைய அமெரிக்கத் திட்டங்கள் இரண்டாகப் பிரிந்துகிடக்கின்றன. ஒரு பக்கம் ஆர்எஸ்ஐ போல, கட்டணம் வாங்காமல் தங்க இடமும் உணவும் கொடுப்பவை. மொத்தமே நூறு பேருக்குள்தான் எடுக்கிறார்கள். மறுபக்கம் பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படுபவை. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் சில இடங்களில் வளாகத்தை வாடகைக்குக் கொடுத்ததைத் தவிர அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேறு சம்பந்தம் இருக்காது.

கல்லூரிச் சேர்க்கைப் போட்டி முற்றியதும் மூன்றாவதாக ஒன்று வளர்ந்தது. இணையவழியில் ஒரு வழிகாட்டியைப் பொருத்திவிட்டு, சில வாரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத உதவி, அதை ஏதாவது ஒரு இதழில் வெளியிடவும் வைக்கும் வணிகம். புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023-ல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. கட்டணம் 2,500 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை. மாணவர் கட்டுரைகளுக்கென்றே முளைத்த இதழ்களில் சில, இந்த நிறுவனங்களோடே தொடர்புடையவை. இந்தியாவிலும் சீனாவிலும் உள்ள வசதியான பெற்றோர் இந்த வணிகத்துக்கு முக்கிய வாடிக்கையாளர்கள். சென்னை, கோவையின் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிப் பெற்றோரின் கைப்பேசிக்கும் இந்த விளம்பரங்கள் வருகின்றன.

இதை நான் வன்மையாகவே எதிர்க்கிறேன். அந்த வழிகாட்டிகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள், சில பிள்ளைகள் உண்மையிலேயே கற்கவும் செய்கிறார்கள். ஆனால் வெளியீட்டுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் கொடுத்துவிட்டால், கேள்வி தோற்பதற்கு இடமே இல்லை. தோற்க இடமில்லாத இடத்தில் நடப்பது ஆராய்ச்சி ஆகாது. பதினாறு வயதில் முதன்முதலாக அறிவியலைத் தொடும்போதே அது காசு கொடுத்து வாங்கும் அலங்காரம் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அந்தப் பாடம் மறக்காது.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் அந்தோனியோ மாணவப் பருவத்தில் அந்தச் சிறுகோள் திட்டத்துக்குப் போனவர். 2022-ல் அவர் இறந்தபோது அந்தத் திட்டத்துக்கு 20 கோடி டாலர் எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் இப்படிப் பழைய மாணவர் வாய்க்க மாட்டார். அரசுப் பணத்தை நம்பியவை அரசியல் மாறும்போது ஆட்டம் காண்கின்றன. 2025 கோடையில் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் தங்கள் கோடைப் பயிற்சித் திட்டத்தையே அந்த ஆண்டுக்கு நிறுத்திவிட்டன.

நம்மிடம் இருந்ததும் இருப்பதும்

இந்தியாவுக்கு இந்த யோசனை புதிதல்ல. என்சிஇஆர்டி 1963-ல் தில்லியில் பத்து உதவித்தொகைகளோடு தேசிய அறிவியல் திறனறித் தேர்வைத் தொடங்கியது. மறு ஆண்டு நாடு முழுவதும் 350 பேருக்கு விரிந்தது. அந்தத் தேர்வில் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் போக, மாணவர் தாமே செய்த ஆய்வின் அறிக்கையையும் கொண்டுவந்து தர வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நீ என்ன செய்து பார்த்தாய் என்று இந்த நாடு கேட்டிருக்கிறது. தேர்வானவர்கள் அடிப்படை அறிவியலை முனைவர் பட்டம் வரை படிக்கப் பணமும் கொடுத்திருக்கிறது. 1970களின் பிற்பாதியில் தேர்வு மாற்றி அமைக்கப்பட்டபோது சமூக அறிவியல், மருத்துவம், பொறியியல் மாணவருக்கும் இடம் கிடைத்தது. அது நல்லதுதான். ஆனால் ஆய்வறிக்கை போய்விட்டது. மிஞ்சியது வினாத்தாள். வினாத்தாள் இருந்தால் கோச்சிங் வரும்.

1999-ல் வந்த மத்திய அரசின் கேவிபிஒய் திட்டம், உதவித்தொகையோடு ஆய்வு நிறுவனங்களுக்கு அழைத்துச் செல்லும் முகாம்களையும் வைத்திருந்தது. அதையும் 2022-ல் நிறுத்தி இன்ஸ்பயர் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இன்ஸ்பயர் முகாம்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு ஐந்து நாள் நடக்கின்றன. நல்ல விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்கலாம், சில கருவிகளைப் பார்க்கலாம். ஐந்து நாளில் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இஸ்ரோ 2019-ல் தொடங்கிய யுவிகா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. கோடை விடுமுறையில் சுமார் இரண்டு வாரம், இஸ்ரோ மையங்களில் தங்க வைத்து, பயணம், உணவு எல்லாச் செலவையும் ஏற்று நடத்துகிறார்கள். கிராமப்புறப் பள்ளி மாணவருக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பு கொடுப்பது இதன் மிகச் சிறந்த அம்சம். இதை ஆராய்ச்சித் திட்டம் என்று சொல்ல முடியாது, அறிமுகம் என்று சொல்லலாம். அடுத்த படி இல்லை என்பதுதான் குறை. ஒன்பதாம் வகுப்பில் ராக்கெட் கூடத்தைப் பார்த்துத் திரும்பிய பிள்ளை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குள் போய்விடுகிறது. யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.

ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு உண்மையாக இருப்பது, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடுதான் என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைத் தோளில் சுமந்து வந்திருக்கிறது. பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, ஓர் ஆசிரியரோடு, தங்கள் ஊரிலேயே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்வார்கள். ஏரியில் ஆகாயத்தாமரை ஏன் இப்படிப் பெருகுகிறது, தெருவில் எத்தனை கிலோ குப்பை சேர்கிறது, கிணற்று நீர்மட்டம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்ற வகைக் கேள்விகள். எழுதுவதும் பேசுவதும் தமிழிலேயே இருக்கலாம். மாவட்ட மேடையில் அரசுப் பள்ளிச் சிறுமி தன் அட்டவணையைக் காட்டி, எதிரே இருக்கும் கல்லூரிப் பேராசிரியரின் கேள்விக்குப் பதில் சொல்வாள். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஓஹாயின் சிறுகோளுக்கு நான் சொன்ன நான்கு குணங்களும் இந்தக் கேள்விகளுக்கும் பொருந்தும்.

தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. அதற்கு மேல் வகுப்புகளில் தேர்வு சூழ்ந்துகொள்கிறது. பால்டிமோர் ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போன அதே வயதில் நம் பிள்ளைகள் ஆய்வகத்தைவிட்டு மிகத் தூரத்தில் இருக்கிறார்கள்.

இத்தனையையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வியும், அருகில் நின்று பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரும், சில வார அவகாசமும் இருந்தால் இந்த முறை பலிக்கிறது. அந்தச் செலவைப் பிள்ளையின் குடும்பத்தின் தலையில் கட்டினால் இது கெடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு திட்டத்தின் விளம்பரம் வந்தால், வழிகாட்டி யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளையோடு இருப்பார், சோதனை தோற்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

நம் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும், கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகமும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருகிற மே மாதம் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளிலிருந்து ஐந்து மாணவரையும் இரண்டு அறிவியல் ஆசிரியரையும் ஆறு வாரத்துக்கு அழைக்கட்டும். சோற்றுச் செலவும் பேருந்துக் கட்டணமும் நிறுவனம் கொடுக்கட்டும். மறு ஆண்டும் அதே ஆசிரியர்களை அழைக்கட்டும்.